மனையடி மண்: தஞ்சைப் பண்ணையாள் காப்புச் சட்டங்களின் சரித்திரம் (1843–1971)

எளியோரை வலியோரின் கையினின்று காப்பது அரசாட்சியின் முதற்கடமை என்பதை எந்த நீதி நூலும் மறுத்ததில்லை. எந்த ஆட்சியும் வாய்விட்டு மறுத்ததில்லை. எனினும் அக்கடமை இன்ன ஆண்டில், இன்ன சட்டத்தின் மூலமாக, இன்ன உத்தியோகஸ்தரின் கையொப்பத்தோடு, இன்ன கிராமத்துச் சேரி வரையில் போய்ச் சேர்ந்தது என்று தேடப் புகுவோமாயின், பிரகடனத்திற்கும் நடைமுறைக்கும் இடையே எத்தனை தலைமுறைகள் கழிந்தன என்பது மனத்தைப் பிழியும் விதத்தில் வெளிப்படும். தஞ்சை மாவட்டத்துப் பண்ணையாட்களைப் பொறுத்தவரை அத்தகைய தேடலுக்கு 1843 முதல் 1971 வரை ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளின் சட்டங்களும் ஆணைகளும் உடன்பாடுகளும் கிடைக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்து ஆராயும்போது எனக்கு ஐயமறத் தோன்றுவது இது: சர்க்கார் அவர்களுடைய உடலை முதலில் விடுவித்தது, பிறகு கூலியை அளந்தது, எல்லாவற்றிற்கும் கடைசியாகவே அவர்களுடைய குடிசை நின்ற மண்ணைக் கவனித்தது. ஆனால் மிராசுதாரின் அதிகாரமோ தொடக்கத்திலிருந்தே அந்த மண்ணில்தான் நிலைகொண்டிருந்தது.

இதன் காரணத்தை அறியக் காவிரிப் படுகையின் நில அமைப்பைச் சற்று நோக்க வேண்டும். காவிரியும் வெண்ணாறும் அவற்றின் கிளைகளும் பாயும் அந்நாட்டில் உழக்கூடிய நிலம் ஏறக்குறைய முழுவதும் நன்செய். நன்செய் முழுவதும் ஒருவர்க்கு அல்லது ஒரு கோயிலுக்கு, ஒரு மடத்திற்குச் சொந்தம். ஒரு வேலி, அதாவது 6⅔ ஏக்கர், நன்செய் வைத்திருந்தவர் கௌரவமாக வாழ்ந்தார். பல வேலிகளை உடையவர் ஊரையே ஆண்டார். வயலைத் தவிர்த்து எஞ்சிய மேட்டு நிலங்களில் அக்கிரகாரமும் குடியானத் தெருவும் அமைந்திருக்க, அவற்றிற்கு அப்பால், வாய்க்கால் கரையையோ வயல் வரப்பையோ ஒட்டிய திட்டில், சேரி அமைந்திருந்தது. அந்தத் திட்டும் பெரும்பாலும் மிராசுதாரின் பாத்தியதைக்கு உட்பட்டதே. பண்ணையாள் எனப்பட்டவர் அங்கே குடிசை போட்டுக்கொண்டு தாம் மட்டுமின்றி மனைவி மக்களோடும் ஒரே பண்ணையில் உழைத்தார்: ஆண் ஏர் பூட்டி நாற்றங்கால் போட்டு அறுவடை வரையில் நிற்க, பெண் நடவும் களையெடுப்பும் செய்ய, சிறுவன் மாடு மேய்த்தான். கூலி நெல்லாக மரக்காலால் அளக்கப்பட்டது. அளக்கும் கை காரியஸ்தருடைய கை. கல்யாணத்திற்கும் சாவுக்கும் வாங்கிய கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிற்று. வேறு பண்ணைக்குப் போக எண்ணியவர் முதலில் யோசிக்க வேண்டியிருந்தது, அன்றிரவு குழந்தைகளை எங்கே படுக்க வைப்பது என்பதையே. குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்ற ஒரு சொல், சாட்டையைக் காட்டிலும் வலிமை வாய்ந்ததாக இருந்தது.

கும்பினியார் ஆட்சி தஞ்சையில் ஏற்பட்டபோது இந்த அமைப்பைக் கண்டு திகைக்கவில்லை. நிலவரி ஒழுங்காக வந்து சேர்வதற்கு அது இன்றியமையாதது என்றே கருதிற்று. 1819ஆம் ஆண்டில் சென்னை வருவாய் வாரியம் கலெக்டர்களைக் கேட்டுத் தொகுத்த அறிக்கைகளில், பல மாவட்டங்களில் ஆட்கள் நிலத்தோடும் நிலமின்றியும் விற்கப்படுவதும் அடமானம் வைக்கப்படுவதும் விவரமாகச் சொல்லப்பட்டன. அதன் பின்னும் சர்க்கார் காத்த மௌனம் தெரியாமையால் நேர்ந்தது அன்று. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் அடிமை நிலையைத் தணிப்பதற்கான வழிகளை ஆராயும்படி கவர்னர் ஜெனரலுக்குக் கட்டளையிட, 1841இல் சட்டக் கமிஷன் தன் அறிக்கையைத் தர, அதன் பிறகு 1843இல் ஐந்தாவது சட்டம் பிறந்தது. அச்சட்டம் செய்தது யாதெனில், அடிமைப் பாத்தியதையைக் கோரி வருவோருக்கு எந்தக் கோர்ட்டும் உதவலாகாது என்று விதித்ததும், வரிப் பாக்கிக்காகவோ டிக்கிரிக்காகவோ மனிதரை ஏலம் விடுவதைத் தடுத்ததுமே. அடிமை வைத்திருப்பதை அது குற்றமாக்கவில்லை. 1860இல் இயற்றப்பட்டு 1862இல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம்தான் மனிதரை அடிமையாக விற்பதையும் வாங்குவதையும் தண்டனைக்குரியதாக்கிற்று.

1843ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. மனிதனைச் சொத்தாக ஏற்க மறுத்த நீதிமன்றம், ஏற்ற நீதிமன்றத்தைவிட எவ்வளவோ மேலானது. ஆயினும் அது சர்க்கார் தன் கையை விலக்கிக்கொண்ட சட்டமே ஒழிய, கையை நீட்டிய சட்டம் அன்று. மிராசுதாருக்குக் கோர்ட்டின் உதவி அடிக்கடி தேவைப்படவும் இல்லை. கடனும் குடிசையும் கிராம முன்சீப்பின் உறவும் அவர் கையில் இருந்தபோது, ஓலையில் எழுதிய அடிமைச் சீட்டு எதற்கு? அடிமை என்ற பெயர் பத்திரங்களினின்று மறைந்து பண்ணையாள் என்ற பெயர் நிலைக்க, நெல்லின் அளவும் சாட்டையின் நீளமும் மாறாமலே இருந்தன.

அதே காலத்தில் சர்க்காரின் கை மறுபக்கம் நீண்டதையும் ஆராய்ச்சியாளர் மறந்துவிடலாகாது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியைக் கிரிமினல் கோர்ட்டில் நிறுத்தி, வேலை செய்யும்படி கட்டளையிடவும், மீறினால் சிறையிடவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் அளித்த 1859ஆம் ஆண்டு ஒப்பந்த மீறல் சட்டம் 1925இல் ரத்துச் சட்டம் நிறைவேறும் வரையில் உயிரோடிருந்தது. உடன்படிக்கையை மீறிய முதலாளிக்கு சிவில் வழக்கு, தொழிலாளிக்குச் சிறை என்ற இந்த ஏற்றத்தாழ்வை அறுபத்தாறு ஆண்டுகள் நியாயமென்று கருதிய ஓர் ஆட்சி, தன்னைப் பொதுநிலையில் நிற்பதாகச் சொல்லிக்கொள்ள உரிமையற்றது. நாகப்பட்டினம் துறையிலிருந்து பினாங்குக்குக் கப்பலேறிய பல்லாயிரவரில் எத்தனை பேர் ஆசையினால் போனார்கள், எத்தனை பேர் தப்பித்துப் போனார்கள் என்று பிரித்தறிவது கடினம். கடல் ஒன்றே திறந்த கதவாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

சேரியின் நிலையை ஓர் உயர்ந்த உத்தியோகஸ்தர் ஆழ்ந்து எழுதியது தஞ்சையில் அன்று, செங்கற்பட்டில். அங்கே கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலையைப் பற்றி அரசாங்கத்துக்கு அனுப்பிய குறிப்பு, நிலமின்மையும் கடனும் குடியிருப்பு மனையின் நிச்சயமின்மையும் எவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன என்பதைத் தெளிவாகக் காட்டிற்று. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட ஆணையின்படி தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கும் ஏற்பாடு உண்டாயிற்று. பிற வகுப்பாருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையோடு அளிக்கப்பட்ட அந்த நிலங்களே இன்றளவும் பஞ்சமி நிலம் என்று வழங்கப்படுபவை. செங்கற்பட்டைப் போன்ற ஏரிப்பாசன மாவட்டத்துக்கு அது பொருந்திய மருந்தாக இருந்திருக்கலாம். காவிரிப் படுகையிலோ ஒதுக்கிக் கொடுக்கத் தரிசே கிடையாது. அங்கே சர்க்கார் எதையேனும் கொடுக்க விரும்பினால் ஒருவரிடமிருந்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.

அந்தத் துணிவு 1920ஐ ஒட்டியே வந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் நலனைக் கவனிக்கும் பொறுப்போடு சென்னை ராஜதானியில் லேபர் கமிஷனர் என்ற பதவி ஏற்பட, அவர் கீழ் இயங்கிய அலுவலர்கள், 1894ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டத்தைக் கொண்டு, தஞ்சை முதலிய மாவட்டங்களில் குடியிருப்பு மனைகளை வாங்கிக் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகத் தவணை முறையில் குடியிருப்போருக்கு உரிமையாக்கத் தொடங்கினர். ரயில் பாதைக்கும் வாய்க்காலுக்கும் நிலம் எடுப்பதற்காக ஏற்பட்ட சட்டம் ஒரு குடிசைக்குக் கீழிருந்த சில சென்ட் மண்ணுக்காகப் பயன்பட்டது என்பது, சட்ட சரித்திரத்தில் நின்று நோக்கத்தக்க செய்தி. மிராசுதார்கள் அதை எதிர்த்த வேகமோ அதைவிட நோக்கத்தக்கது. நெல் விளையாத, வரி மிகாத அந்தத் திட்டுகளின் சந்தை மதிப்பு அற்பமே. அவற்றை இழப்பதால் களஞ்சியத்தில் ஒரு மரக்கால் நெல்லும் குறையப் போவதில்லை. அப்படியிருந்தும் மனுக்களும் ஆட்சேபங்களும் குவிந்தனவென்றால், தம் அதிகாரம் எங்கே நிற்கிறது என்பதைச் சர்க்காரைவிட அவர்களே நன்கறிந்திருந்தார்கள் என்பதுதான் பொருள். பணமும் ஆட்களும் போதாமையால் அத்திட்டம் சேரிகளில் ஒரு சிறு பகுதியையே எட்டி ஓய்ந்தது.

இதற்கிடையில் சமூக உரிமைகளைப் பற்றிய சட்டங்களும் வந்தன. பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லோருக்கும் திறந்தவை என்று 1924இல் சட்டசபையில் ஆர். வீரையன் கொணர்ந்த தீர்மானம், எம். சி. ராஜாவின் முயற்சியால் நிறைவேறிய 1938ஆம் ஆண்டுச் சட்டம், 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் ஆகியவை தனி ஆராய்ச்சிக்கு உரியவை. சாலையில் நடக்கச் சட்டம் அனுமதித்தாலும், நடந்துவிட்டு இரவில் திரும்பிப் போகும் குடிசை எவருடைய மனையில் நிற்கிறது என்ற கேள்வி அங்கேயும் குறுக்கே நின்றது என்று மட்டும் இங்கே குறித்து மேலே செல்வோம்.

சட்டத்தின் தாமதத்தை உடைத்தது சங்கம். 1943இல் தஞ்சைக்கு வந்து சேர்ந்த பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பி. சீனிவாசராவ், தென்பரை முதலிய கிராமங்களில் விவசாயிகளையும் பண்ணையாட்களையும் ஒரே சங்கத்தில் சேர்க்கத் தொடங்கினார். கன்னட நாட்டில் பிறந்த அவர், சேரிகளில் உண்டு உறங்கி அங்குள்ளவர்களின் பேச்சையே பேசினார். மறு ஆண்டு களப்பாளிலும் மன்னார்குடியிலும் மிராசுதார்களும் சங்கத்தாரும் அரசாங்க அதிகாரிகளின் முன்னிலையில் செய்துகொண்ட உடன்பாடுகளில், கூலி நெல்லை முத்திரையிட்ட அளவையால் அளப்பது போன்ற ஷரத்துக்களோடு, சாட்டையால் அடிப்பதும் சாணிப்பால் புகட்டுவதும் நிறுத்தப்பட வேண்டும் என்ற ஷரத்தும் இடம் பெற்றது. இந்திய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்து எண்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர் அது. ஒருவரைக் கட்டிவைத்து அடிப்பதும் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவதும் அச்சட்டத்தின்படி எப்போதுமே குற்றங்கள்தாம். அவற்றைத் தடுக்கத் தனி உடன்பாடு வேண்டியிருந்ததென்றால், அத்தனை ஆண்டுகளும் அந்தச் சட்டம் சேரியின் எல்லையில் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். புகார் எழுத ஆள் இல்லை. எழுதினால் விசாரிக்க வந்த உத்தியோகஸ்தர் இறங்கித் தங்கியது மிராசுதாரின் வீட்டில். சங்கம் கொடுத்தது புதிய சட்டம் அன்று. பழைய சட்டத்தைக் கையிலெடுக்கும் தைரியத்தை.

சுதந்திரம் வந்த உடனே நிலைமை சீர்ப்படவில்லை. 1948 முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தஞ்சையின் கீழ்ப்பகுதி போலீஸ் முகாம்களின் நாடாக இருந்தது. களப்பாள் குப்பு 1948இல் சிறையிலேயே இறந்தார். வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் 1950இல் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். எளியோரைக் காக்க வேண்டிய அதிகாரம் எளியோரின் அமைப்பை நொறுக்கப் பயன்பட்ட காலம் அது. அதை மறைத்துவிட்டு அடுத்து வந்த சட்டத்தை மட்டும் புகழ்வது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம்.

1952ஆம் ஆண்டுத் தேர்தல் இந்நிலையை மாற்றிற்று. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த அந்த முதல் தேர்தலில் சென்னை சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரஸ் கட்சி 152 இடங்களையே பெற, தஞ்சை மாவட்டத்துப் பல தொகுதிகளில் பொதுவுடைமைக் கட்சியினரும் அவர்களைச் சார்ந்தோரும் வென்றனர். ஏப்ரலில் முதன் மந்திரியான ராஜாஜி ஆகஸ்டு மாதத்திலேயே தஞ்சைக் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார்; அது பின்னர் முறைப்படி சட்டமாயிற்று. ராஜாஜி மிராசுதார்களுக்குப் பகைவர் அல்லர், பொதுவுடைமைக் கட்சிக்கு நண்பரும் அல்லர். கலகம் மூளாமல் தடுக்க வேண்டும் என்ற எண்ணமே அவரைத் தூண்டியது என்பாருண்டு. இருக்கலாம். நோக்கம் எதுவாயினும், பண்ணையாளை ஒரு கட்சிக்காரராக ஏற்று, மிராசுதாருக்குச் சமமாகச் சமரச அதிகாரியின் முன் நிற்க வைத்த முதற்சட்டம் இதுவே.

அதன் ஷரத்துக்கள் சற்று விரிவாக நோக்கத்தக்கவை. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உறுதி செய்யப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு நிலத்தில் நீடிக்கும் உரிமை கிடைத்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கலாகாது. அவருடைய கூலி மாயூரத்தில் முன்பு ஏற்பட்டிருந்த உடன்பாட்டை ஆதாரமாகக் கொண்டு திட்டப்படுத்தப்பட்டது. தகராறு நேர்ந்தால் சமரச அதிகாரியிடமும் மேல் விசாரணைக்கு ரெவின்யூ கோர்ட்டுக்கும் போகலாம். வக்கீலும் ஸ்டாம்பும் சிவில் கோர்ட்டின் ஆண்டுக்கணக்கான வாய்தாக்களும் எளியவருக்குச் சட்டத்தை எட்டாக்கனியாக்குகின்றன என்பதை உணர்ந்து, விசாரணையை அவர் நடந்து போகக்கூடிய தூரத்துக்குக் கொண்டுவந்தது அச்சட்டத்தின் தலையாய சிறப்பு.

அதன் குறை அதன் வரம்பிலேயே இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேற்படாமல் நிலம் வைத்திருப்போருக்கு அது செல்லாது. ஆகவே நிலத்தைக் குடும்பத்தாரின் பெயர்களில் பிரித்து எழுதுவது எளிய தற்காப்பாயிற்று. அதனினும் பெரிய குறை ஒன்று, பண்ணையாள் என்பவர் யார் என்ற வரையறையில் ஒளிந்திருந்தது. நிரந்தரமாகப் பண்ணையில் உழைப்பவரைச் சட்டம் காத்ததனால், நிரந்தரமாக எவரையும் வைத்துக்கொள்ளாதிருப்பதே மிராசுதாருக்கு லாபமாயிற்று. சில ஆண்டுகளுக்குள் பண்ணையாட்கள் அன்றாடக் கூலிகளாக மாறினர். தலைமுறைக் கட்டு அறுந்தது உண்மை. அதோடு விதைப்புக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட வறண்ட மாதங்களில் கிடைத்துவந்த கடன் நெல்லும், பண்டிகைக்குக் கிடைத்த துணியும் அறுந்தன. காப்பதற்காகப் பிறந்த சட்டம் காக்கப்பட வேண்டிய உறவையே கலைத்துவிட்டதைக் கண்டு, சட்டமே வேண்டியதில்லை என்று முடிவு கட்டுவோருடன் நான் உடன்படவில்லை. பண்ணையாளாக இருப்பதைவிடக் கூலியாளாக இருப்பதே மேல் என்பதை, அன்றைய வாழ்வை அனுபவித்தவர்கள் தெளிவாகவே அறிந்திருந்தார்கள். ஆனால் சட்டம் அவரைப் பண்ணையிலிருந்து விடுவித்த பின்னும் அவர் குடியிருந்தது பண்ணையின் மனையிலேயே.

குத்தகைதாரரைப் பொறுத்தவரை காமராஜர் காலத்துச் சட்டங்கள் மேலும் சென்றன. 1955ஆம் ஆண்டுச் சட்டம் வெளியேற்றத்தைத் தடுத்தது. 1956ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டம் நன்செய்யில் நிலச்சொந்தக்காரரின் பங்கை நூற்றுக்கு நாற்பதாகக் குறைத்ததால், நான்கே ஆண்டுகளில் உழுபவரின் பங்கு ஐந்தில் இரண்டிலிருந்து ஐந்தில் மூன்றாக உயர்ந்தது. ஏட்டில் இது பெரும் புரட்சி. வயலிலோ, குத்தகை என்பது பெரும்பாலும் வாய்மொழியாகவே இருந்தமையால், தாம் குத்தகைதாரர் என்பதையே ஒருவர் நிரூபிக்க முடியாமற் போயிற்று. கர்ணத்தின் அடங்கலில் சொந்தக்காரரே பயிரிடுவதாக எழுதப்பட்டிருக்கும்; கர்ணமோ பரம்பரையாக அவ்வேலையைப் பார்ப்பவர், பெரும்பாலும் மிராசுதாரின் உறவினர் அல்லது தயவில் இருப்பவர். 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. பரம்பரை கிராம உத்தியோகங்கள் ஒழிய 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உச்சியில் இருக்கும் சர்க்கார் எத்தனை கருணையுள்ளதாயினும், கிராமத்தில் அதன் பேனாவைப் பிடித்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அக்கருணை எழுத்தாகிறது.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணியில் நேர்ந்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டாலோ இக்கட்டுரைக்கே நியாயமில்லை. கூலி உயர்வு கேட்டதும், வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுப்பதை எதிர்த்ததும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததுமே காரணமாக, தாக்குதலுக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டனர். அவர்களில் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் கோர்ட்டு 1970இல் நிலச்சொந்தக்காரர் பத்துப் பேருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் விடுதலை செய்தது. பெரும் நிலம் படைத்தவர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாமே நேரில் நடந்து சென்று தீ வைத்தார்கள் என்பதை நம்புவதற்கில்லை என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. சாட்சியத்தின் குறைகளைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் விவாதிக்கலாம். செல்வம் ஒருவர் குற்றம் செய்யாமைக்குச் சான்றாகும் என்ற எண்ணம் நீதியின் பீடத்தில் ஏறியதை எந்த விவாதமும் துடைக்க முடியாது.

கொடுமை நிகழ்ந்த சில வாரங்களில் அரசாங்கம் கணபதியா பிள்ளையின் தலைமையில் விசாரணைக் கமிஷனை நியமித்தது. 1969ஆம் ஆண்டிலேயே விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் கீழ்த்தஞ்சைப் பகுதிக்காக நிறைவேறிற்று. கூலியின் அளவு மிராசுதாரின் களத்திலிருந்து சட்டத்தின் அட்டவணைக்கு இடம் மாறியது. ஆனால் மூன்று தலைமுறைகளாகத் தள்ளிக்கொண்டே வந்த அந்தப் பழைய கேள்வி இனியும் தள்ள முடியாததாகிவிட்டது. குடியிருப்போரை வெளியேற்றலாகாது என்று 1961இலேயே ஒரு சட்டம் உண்டு. அது மண்ணின் சொந்தத்தை மாற்றாமல் சொந்தக்காரரின் கையை மட்டும் பிடித்து நிறுத்தியது. வெளியேற்றலாகாது என்ற தடை, அதை நினைவூட்டத் தாசில்தார் அருகில் இருக்கும் வரையில்தான் தடை. வேலி அடைப்பதற்கும், நடைபாதையை மறிப்பதற்கும், கொல்லையில் வளர்ந்த முருங்கையை வெட்டுவதற்கும் அது தடையாக இருக்கவில்லை.

1971ஆம் ஆண்டின் நாற்பதாவது சட்டமாகிய குடியிருப்பு உரிமைச் சட்டம் இத்தயக்கத்தை முடித்தது. 1971 ஜூன் 19ஆம் தேதியன்று பிறர் மனையில் குடியிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும், எவ்வித வில்லங்கமும் இன்றி, அந்த மனை சொந்தமாக்கப்பட்டது. நிலச்சொந்தக்காரருக்கு இழப்பீடு உண்டு, ஆனால் அவருடைய சம்மதம் கேட்கப்படவில்லை. 1920இல் லேபர் கமிஷனர் ஒவ்வொரு சேரியாக மனுவும் நோட்டீசுமாகப் போராடி வாங்க வேண்டியிருந்ததை, இச்சட்டம் ஒரே வாக்கியத்தில் சாதித்தது. பட்டாக்கள் வழங்குவதில் தாமதமும் பாரபட்சமும் நேர்ந்தன. அவற்றைத் துரிதப்படுத்தச் சங்கங்கள் மறுபடியும் தாலுகாக் கச்சேரியின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. எனினும் சட்டம் அமலான பிறகு நடந்த கூலித் தகராறுகளில் நிலச்சொந்தக்காரர் களத்தின் கதவை அடைக்கலாம், வெளியூரிலிருந்து ஆள் இறக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம்; குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை.